கட்டுமுன் காணும் வீடு



தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம், "உங்கள் வீட்டின் வரைபடம் எங்கே?" என்று வினவினால் அவர் நம்மை வியப்போடு நோக்குவார். வரைபடம் என்பது துரையின் காரியாலயத்துக்கு உரிய பொருள். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று, அதற்கும் பக்கத்தில் மற்றொன்று. இவ்வாறு பன்னிரண்டோ இருபத்துநான்கோ ஒரே கூரையின்கீழ் நிற்பதே லயம். கோப்பிக் காலத்தில் தோன்றி, 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர் மலையெங்கும் பெருகிய அமைப்பு இது. அடுப்பு எங்கே இருத்தல் வேண்டும், பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், மழையில் நனைந்த படங்கை எங்கே காயவைப்பது என்றெல்லாம் அதில் வாழப்போகிறவர்களைக் கேட்டுக்கொண்டு எழுப்பப்பட்டதன்று.

அக்கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது. ஏழு பேர்ச் காணியும் அதில் ஒரு தனி வீடும் என்பது மலையகத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகளாகப் பழகிவிட்ட பேச்சு. 2012-ஆம் ஆண்டில் இந்தியாவுடன் செய்துகொண்ட வீடமைப்பு உடன்படிக்கையில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் ஒரே நாளில் கையளிக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். இவ்வீடுகள் ஒவ்வொன்றும் 550 சதுர அடி. இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், சமையலறை, கழிப்பறை. இவை தவிர, கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தைக் கொண்டு தாமே கட்ட முற்படுவோரும், கிடைத்த வீட்டோடு ஓர் அறையைச் சேர்க்க விரும்புவோரும் இருக்கின்றனர். பல்லாயிரம் குடும்பங்கள் இன்றும் லயங்களில் காத்திருக்கின்றன என்பதையும் மறப்பதற்கில்லை.

ஏழு பேர்ச் என்றால் எவ்வளவு? ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆகவே ஏழு பேர்ச் 1,905 சதுர அடிக்குச் சற்றே கூடுதல். முப்பதடி முகப்புள்ள துண்டாயின் அதன் ஆழம் அறுபத்துமூன்றரை அடி. இத்துணைச் சிறிய நிலத்தில் ஒரு சுவரை இரண்டடி தள்ளி வைத்தால்கூட வீட்டின் வாழ்க்கையே மாறிவிடும். கட்டிய சுவரை நகர்த்துவது எளிதன்று. கணினித் திரையில் நகர்த்துவதற்கோ ஒரு விரலசைவு போதும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கணினி வரைகலையே.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்ற இளைஞர், ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாகக் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். அன்று அதற்கு ஓர் அறையளவு இயந்திரம் தேவைப்பட்டது. 1982-இல் வெளிவந்த 'ஆட்டோகேட்' அக்கலையைப் படவரைஞர்களின் மேசைக்குக் கொண்டு வந்தது. இவை தொழில் வல்லுநர்க்குரியவை. நம்மைப் போன்றோர்க்கு ஏற்றவை பின்னர் வந்த இரண்டு. ஒன்று, பிரான்சு நாட்டவரான எம்மானுவேல் புய்பாரே இயற்றிய 'ஸ்வீட் ஹோம் 3டி'. மற்றது 2000-ஆம் ஆண்டில் தோன்றி, 2006-இல் கூகிள் நிறுவனத்துக்கும் 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்துக்கும் கைமாறிய 'ஸ்கெட்ச்அப்'. முன்னது இலவசம், ஒருமுறை கணினியில் இறக்கிக்கொண்டால் பின்னர் இணையத் தொடர்பு இல்லாமலே இயங்கும். மழை பெய்தால் இணையமும் மின்சாரமும் சேர்ந்தே போய்விடும் தோட்டங்களுக்கு இஃது ஒரு பெரும் வசதி. பின்னதற்கும் இணையத்தின் வழியாகப் பயன்படுத்தும் இலவசப் பதிப்பு உண்டு.

ஸ்வீட் ஹோமைத் திறந்தவுடன் திரை நான்கு பகுதிகளாகத் தோன்றும். இடப்பக்கம் மேலே கதவு, சன்னல், கட்டில், மேசை முதலிய பொருள்களின் பட்டியல். கீழே நாம் எடுத்து வைத்தவற்றின் கணக்கு. வலப்பக்கம் மேலே கட்டம் போட்ட தாள் போன்ற ஒரு வெளி. கீழே அதே வீடு உயிர்பெற்று எழுந்து நிற்கும் காட்சி. மேலே சுவரென்று ஒரு கோடு இழுத்தால் கீழே சுவரே எழும்பும். அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் வைத்துக்கொள்ளலாம். கோட்டின்மீது இருமுறை சொடுக்கினால் சுவரின் நீளம், கனம், உயரம் ஆகியவற்றை எண்களாகவே கொடுத்துத் திருத்தலாம். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இவற்றைக் கற்றுத்தந்தவர்கள் பாடசாலைக் கணினி அறையில் இருந்த பதினைந்து வயதுப் பிள்ளைகள். இரண்டு பிற்பகல்களில் அவர்களுக்கு எல்லாம் கைவந்துவிட்டது; எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. எனினும் எதை வரைவது என்பதில் அவர்களுக்கு என் துணை தேவைப்பட்டது. பிள்ளைகள் கையில் கொடுத்தால் முதலில் நீச்சற்குளத்தோடு கூடிய மாளிகையைத்தானே வரைவார்கள்?

முதலில் தம் காம்பராவை வரையுமாறு கூறினேன். கற்கத் தொடங்குகின்ற எவர்க்கும் நான் சொல்லக்கூடிய யோசனை இதுவே. ஏற்கெனவே வாழ்ந்து பழகிய இடத்தை நாடாவால் அளந்து, உள்ளவாறே வரைக. 120 சதுர அடி. இரு கட்டில்கள் 48 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். அலுமாரி 8, தொலைக்காட்சி மேசை 6, அடுக்கிய பெட்டிகள் 6, கதவு திறந்து மூட 9. எஞ்சுவது 43 சதுர அடி. அதுவும் ஒரே இடத்தில் இராமல் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கிய சந்துகளாக இருக்கும். மாணவி ஒருத்தி தான் படிப்பதற்கென மூன்றரை அடி மேசையொன்றைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். ஏழு இடங்களில் வைத்துப் பார்த்தாள். எட்டாவதாக இஸ்தோப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "சேர், மழை சாரலடிச்சா புத்தகம் நனையுமே?" என்றாள். அவள் வரைந்த புதிய வீட்டில் முதலில் இடம்பெற்றது அந்த மேசைதான். சுவர்கள் அதைச் சுற்றி எழுந்தன.

நிற்க. இந்நிரல்களை ஆக்கியோர் மேனாட்டார். அவர்களுடைய பொருட்பட்டியலில் குளியல் தொட்டி உண்டு, விறகடுப்பைக் காணோம். கவ்வாத்து வெட்டிய மலையில் சேர்த்த மிலாற்றுக் கட்டு எங்கே அடுக்கப்படும், கொழுந்துக் கூடையும் ஈரப் படங்கும் எங்கே தொங்கும், சுவாமி படம் எந்தச் சுவரில் மாட்டப்படும் என்பதெல்லாம் அப்பட்டியலுக்குத் தெரியா. ஆகவே ஒரு பெட்டி வடிவத்தை எடுத்து, மூன்றடிக்கு இரண்டடி என்று அளவு கொடுத்து, அதன்மேல் 'அடுப்பு' என்று எழுதிக்கொள்ளவேண்டும். மிலாற்றுக்கு இன்னொன்று, படங்குக்கு வாசலருகே மற்றொன்று. இதைச் செய்யாது, பட்டியலில் இருப்பதை மட்டும் வைத்து வரைந்தால் அழகிய வீடுதான் கிடைக்கும். மாலை நான்கரை மணிக்கு மலையிலிருந்து நனைந்து திரும்புகிற பெண் அதில் நிற்க இடமிராது.

இனி, வெயிலும் மழையும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தையிலும் மாசியிலும் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிவதுண்டு. அக்குளிர் மாதங்களில் சூரியன் எங்கே இருக்கிறான்? நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையளவில் வாழ்கிறோம். மார்கழியில் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நில்லாது தெற்கே ஏறத்தாழ முப்பது பாகை சாய்ந்து நிற்கும். ஆனி மாதத்திலோ வடக்கே பதினாறு பாகையளவு சாயும். குளிர்காலத்து வெயிலை வீட்டுக்குள் வரவழைக்க விரும்பினால் தென்புறத்துச் சன்னலே உதவும் என்பது இதனால் விளங்கும். ஆனால் தென்மேல் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து மழையை அள்ளி வீசுவது. ஹட்டன், வட்டவளைப் பக்கத்தார்க்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. எனவே மேற்குச் சுவரில் திறப்புகளைக் குறைத்து, தெற்கிலும் கிழக்கிலும் சன்னல்களை வைத்து, தெற்குச் சன்னலுக்குமேல் கூரையைச் சற்று நீட்டிவிடுவது தக்கது. ஸ்வீட் ஹோமில் ஒரு திசைகாட்டி வட்டம் இருக்கிறது. அதில் வடக்கு எப்பக்கம் என்பதையும், நம் இடத்தின் அகலக்கோடு வடக்கே 7, நெடுங்கோடு கிழக்கே 80.8 என்பதையும் குறித்துவிட்டு, சனவரி மாதம் காலை எட்டு மணி என்று நேரம் கொடுத்துப் படம் எடுக்கச் செய்தால், வெயில் எந்தச் சன்னல் வழியே புகுந்து எங்கே விழும் என்பதைக் காட்டிவிடும். இருப்பினும் வீட்டுக்குக் கிழக்கே நிற்கும் மலையைக் கணினி அறியாது. அம்மலையைத் தாண்டிச் சூரியன் எப்போது எட்டிப் பார்க்கிறான் என்பதைக் காணியில் போய் நின்றே காணவேண்டும்.

கணினி அறியாத மற்றொன்று இதைவிடப் பெரியது. ஸ்வீட் ஹோம் தானாகக் காட்டும் நிலம் சமதளம். நம் நாட்டிலோ பந்தை வைத்தால் உருளாத இடம் கிடைப்பது அருமை. திரையில் அழகாகத் தோன்றும் வீட்டைச் சரிவில் இருத்துவதற்கு மலையை வெட்டவேண்டும். வெட்டிய மலை நம்மை மறப்பதில்லை. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதையுண்டதையும், 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் கொணர்ந்த மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்ததையும் கேட்ட செவிகளுக்கு இதை விரித்துரைக்க வேண்டா. ஆதலால் சுவர் வரையுமுன் சரிவை அளத்தல் வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயே போதும். காற்றுக் குமிழி இல்லாதவாறு அதில் நீரை நிரப்புக. அடியும் அங்குலமும் குறித்த இரு கோல்களை எடுத்து, ஒன்றை மேட்டிலும் மற்றதைப் பள்ளத்திலும் செங்குத்தாக நிறுத்தி, குழாயின் இரு முனைகளையும் கோல்களோடு சேர்த்துப் பிடிக்க. நீர் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும். மேட்டுக் கோலில் 1 அடி என்றும் பள்ளத்துக் கோலில் 4 அடி 4 அங்குலம் என்றும் நீர் காட்டினால் இறக்கம் 3 அடி 4 அங்குலம். இரு கோல்களுக்கும் இடையிலுள்ள தூரம் பத்தடியாயின், சரிவு ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. அளவு நாடாவைத் தரையோடு சாய்த்துப் பிடியாமல் கிடையாகப் பிடிக்கவேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது. கான் வெட்டிப் பழகிய தொழிலாளிக்கு இக்கலை புதியதன்று. அவர் கண்ணே பாதி மட்டக்கோல்.

இந்த அளவுகளை வைத்துக்கொண்டு ஸ்கெட்ச்அப் நிரலுக்குச் செல்வோம். அதிலுள்ள சிறப்பு யாதெனில், தட்டையாக வரைந்த எவ்வுருவையும் பிடித்து இழுத்துக் கனவுருவம் ஆக்கலாம். அடிப்பக்கம் 22 அடி, உயரம் 7 அடி 4 அங்குலம் உள்ள ஒரு முக்கோணத்தை வரைந்து 25 அடிக்கு இழுத்தால், அதுவே நம் சரிவின் ஒரு துண்டு. 25 அடிக்கு 22 அடி என்பது 550 சதுர அடி வீடு. அவ்வீட்டை மலைக்குள் முழுதும் வெட்டியே இருத்தினால் பின்பக்கம் ஏழடிக்குமேல் உயர்ந்த மண்சுவர் நிற்பதைத் திரையிலேயே காணலாம்; வெட்டி அகற்றவேண்டிய மண் 2,000 கன அடியளவு. இனி அதே பரப்பை நீட்டிப் பார்ப்போம். சரிவின் குறுக்காக, சமமட்டத்தை ஒட்டி 34 அடி நீளமும், மலையை நோக்கிய பக்கம் 16 அடி அகலமும் என்று கொண்டால் 544 சதுர அடி. பின்பக்க வெட்டு 5 அடி 4 அங்குலமாகத் தாழ்கிறது. அகற்றும் மண் 1,450 கன அடியளவில் நின்றுவிடுகிறது. இரண்டடிதானே குறைந்தது என்று எண்ணுவோர் இதை நோக்குக: மண் தாங்கும் மதிலை மலை தள்ளும் விசை, உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. ஏழடி நான்கங்குல மதிலின் ஓர் அடி நீளத்தைத் தள்ளும் விசை, ஐந்தடி நான்கங்குல மதிலைத் தள்ளுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நனைந்த மண்ணாயின் இரண்டுக்கும் விசை மேலும் கூடும்.

இதற்கு ஒரு விலையுண்டு. சதுரமான வீட்டின் சுற்றளவு 94 அடி. நீண்ட வீட்டுக்கு 100 அடி. ஒன்பதடிச் சுவருக்கு, பதினாறங்குல நீளமும் எட்டங்குல உயரமும் உள்ள சீமெந்துக் கல் சதுர அடிக்கு ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். ஆக நீண்ட வீட்டுக்கு அறுபது கற்கள் கூடுதலாக வேண்டும். வெட்டும் கூலியோடும் மதிற் செலவோடும் ஒப்பிட்டால் இது சிறிது என்பதே என் கருத்து. பழைய லயங்கள் பலவும் மலையின் சமமட்டத்தை ஒட்டியே நீண்டு கிடப்பதைக் காண்கிறோம். அவற்றைக் கட்டுவித்தவர்களிடம் கற்றுக்கொள்ள வேறு எதுவும் இல்லாவிடினும் இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் காணித் துண்டின் நீண்ட பக்கம் மலையின் குறுக்கே அமைந்தால்தான் 34 அடி வீட்டுக்கு இடமுண்டு. முப்பதடிப் பக்கம் அவ்வாறு அமைந்தால் இடமில்லை. காணி பிரிக்கும் நாளிலேயே இதைக் கேட்கவேண்டும். கேட்பவர் கையில் ஒரு படம் இருந்தால் அளப்பவரும் நின்று கேட்பார்.

திரையில் வரைந்தது அனுமதிப் பத்திரம் ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமுன், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறுதல் அவசியம். அபாய வலயங்களைக் காட்டும் படங்களை அந்நிறுவனம் தயாரித்திருக்கிறது. அவ்விடம் கட்டத் தகாதது என்று அவர்கள் கூறினால் எந்தக் கணினிப் படமும் அதை மாற்றாது. பிரதேச சபைக்குக் கொடுக்கும் படத்தைத் தகுதி பெற்ற படவரைஞரே ஒப்பமிட்டுத் தரவேண்டும். நம் படம் அவருக்கு வேலையை விளக்குவதற்கு உரியது. "இரண்டு அறை, ஒரு குசினி" என்று வாயால் சொல்வதற்கும், மிலாற்றுக்கட்டு வரை வரைந்த தாளொன்றை நீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் நேரிற் கண்டிருக்கிறேன்.

வீட்டை ஒரே தவணையில் முடிக்க இயலாதோரே நம்மிற் பலர். முழு வீட்டையும் வரைந்து ஒரு பெயரில் சேமித்துவிட்டு, அதன் படியொன்றில் இந்த ஆண்டு கட்டக்கூடியதை மட்டும் விட்டு மற்றவற்றை அழித்துப் பாருங்கள். பின்னர் சேரவிருக்கும் அறையின் வாசல் எந்தச் சுவரில் வரும் என்பது தெரிந்தால், அவ்விடத்தில் இன்றே வாசலுக்குரிய நிலைவிட்டத்தை வைத்துக் கல்லால் அடைத்துவிடலாம். நாளை சுவரை இடிக்கவேண்டா. மேட்டுப் பக்கத்தில் மழைநீரைத் திருப்பிவிடும் கானை மட்டும் முதல் ஆண்டிலேயே வெட்டிவிடுக.

படம் முடிந்ததும் அதைத் தாளில் அச்சிட்டுக் காணிக்கு எடுத்துச் செல்லவேண்டும். முளைகளை அடித்து, கயிறு கட்டி, அறைகளைத் தரையிற் குறித்தால், திரையைப் பார்க்கப் பழகாத பாட்டியும் வீட்டினுள் நடந்து பார்க்கலாம். கட்டிலுக்குப் பதில் ஒரு பாயை விரித்துப் பாருங்கள். கதவின் இடத்தில் ஒருவர் தலையில் மிலாற்றுக் கட்டோடு நுழைந்து பார்க்கட்டும். மாலையில் காற்று எழும்பும் நேரத்தில், அடுப்பென்று குறித்த இடத்தில் ஒரு பிடி மிலாற்றைக் கொளுத்தினால் புகை எப்பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். படுக்கையறைப் பக்கம் சாயுமானால், மறுநாள் கணினியின்முன் அமர்ந்து சமையலறையை மறுகோடிக்கு மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.